கதை எழுதப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகக் கதை எழுத வருகிறவர்களின் வரைவுகளைப் படித்து அவர்களோடு உட்கார்ந்து பேசுவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆரம்பக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

எழுத ஆசை இருக்கு. ஆனா எனக்குத் திறமை இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எழுதுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒரு கதையை எழுதி முடித்த பிறகும் அவ்வளவாகத் தெரியாது. ஏழெட்டுக் கதைகளை முடித்து, முதல் கதையையும் கடைசிக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓரளவு தெரியும். அப்போதும் தெரிவது நீங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான்.

நான் பார்த்தவரை, முதல் வரைவு பிரமாதமாக இருந்தவர்கள்தான் தொடர்ந்து எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. எடுத்ததை முடித்தவர்களும், முடித்ததைத் திரும்ப எடுத்துத் திருத்தியவர்களும் தொடர்ந்தார்கள். முடிப்பது ஒரு பழக்கம், திருத்துவது வேறொரு பழக்கம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கீழே வரும் சந்தேகங்களில் பாதி வருகின்றன.

கதைக்கு விஷயம் எங்கேயிருந்து கிடைக்கும்? எனக்கு ஒண்ணுமே தோணலை.

ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு முழுக் கதை தோன்ற வேண்டும் என்று காத்திருப்பவர்கள். அப்படி வருவது அபூர்வம். கையில் கிடைப்பது ஒரு துணுக்குதான்: யாரோ தொலைபேசியில் பேசிவிட்டு வைத்த விதம், வீடு காலி செய்யும்போது ஒருவர் விட்டுப்போன பொருள், பதில் வராத ஒரு கேள்வி. அதை எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகமோ கைபேசியோ, எது எப்போதும் கூட இருக்கிறதோ அதில்.

எழுதி வைக்கும்போது உங்கள் கருத்தை எழுதாதீர்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ‘பாவம் அந்தப் பெரியவர்’ என்று குறித்து வைத்தால் ஆறு மாதம் கழித்து அதிலிருந்து எதுவும் எழாது. ‘பெரியவர் பேரனின் பழைய பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு வங்கி வரிசையில் நின்றார், பையில் இன்னும் பேரன் பெயர் எழுதிய சீட்டு இருந்தது’ என்று இருந்தால் அதிலிருந்து ஒரு கதை கிளம்பும். அப்புறம் கேள்வி கேளுங்கள். பேரன் எங்கே? இவருக்கு வேறு பை இல்லையா, இருந்தும் இதை எடுத்தாரா? இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் கண்டுபிடிக்கும் பதில்தான் புனைவு.

தினமும் எழுதியே ஆகணுமா? வேலைக்குப் போறவங்க என்ன செய்யறது?

தினமும் எழுத முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வாரத்தில் இந்தந்த நாள், இந்த நேரம் என்று நிச்சயப்படுத்திக்கொள்வது போதும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று சொல்லாதீர்கள், அந்த நேரம் கிடைக்காது.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் அஞ்சல் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். காலை 5:30 மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். அப்படி எழுதியவை 47 நாவல்கள். இந்த வேகத்தை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை, அவரைப் போல முழு நேரமும் உதவியாளர்கள் இருக்கும் வீடும் எல்லோருக்கும் இல்லை. ஆனால் அவர் சொல்லும் இன்னொரு விஷயம் எல்லோருக்கும் உதவும்: முதல் அரைமணி நேரத்தை முந்தைய நாள் எழுதியதைப் படிக்கவே ஒதுக்கியிருக்கிறார். புதுப் பக்கத்தை வெறித்துப் பார்ப்பதற்குப் பதில், நேற்றைய பக்கத்தைப் படித்து அதன் ஓட்டத்திலேயே உள்ளே போய்விடலாம்.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிடுவேன் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இருப்பதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு எழுந்தால் மறுநாள் உட்காரவே பயமாக இருக்கும். ஒரு வரியாவது மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

நிறையப் படிச்சா அவங்க நடை நமக்கும் ஒட்டிக்குமே?

ஒட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். ஒரே ஆளை மட்டும் படித்தால் அவர் நடை ஒட்டும். இருபது பேரைப் படித்தால் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து உங்களுடையதாகிவிடும். படிக்காமல் எழுதுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் ஏற்கெனவே பலர் எழுதிச் சலித்த திருப்பத்தைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்வார்.

பிடித்த கதையை இரண்டாம் முறை படியுங்கள். முதல் முறை வாசகராக, இரண்டாம் முறை அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க. முக்கியமான தகவல் எந்தப் பத்தியில் வந்தது? அதற்கு முன் அது ஏன் வரவில்லை? ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு எந்த வாக்கியத்தில் தாண்டினார்? ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. கண் ஓடித் தாண்டிவிடுகிற சின்ன முடிவுகள் கை எழுதும்போது தெரியவரும்.

முழுக் கதையையும் முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கணுமா?

இரண்டு விதமாகவும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு விதத்திலும் நல்ல கதைகள் வந்திருக்கின்றன. சிறுகதைக்கு ஒரு ஆளும் ஒரு நெருக்கடியும் தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம். நாவலுக்கு நாலைந்து முக்கியமான இடங்களாவது தெரிந்திருந்தால் வழி தவறினாலும் திரும்பி வர முடியும். ஒன்றே ஒன்று: திட்டம் போடுவதிலேயே மாதக்கணக்காக இருந்தால், அது எழுதாமல் இருப்பதற்கான இன்னொரு வழியாகியிருக்கலாம்.

ஆரம்பம் நல்லா வருது, பாதியில நின்னுடுது. என்கிட்ட இப்படிப் பத்துக் கதை இருக்கு.

நான் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். நிற்பதற்குக் காரணம் எப்போதும் சோம்பல் இல்லை. மூன்று இடங்களில் தேடிப் பாருங்கள்.

முதலாவது, முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். முதல் வரைவு எழுதும்போது உங்களுக்கு வேண்டியது துணிச்சல், திருத்தும்போது வேண்டியது சந்தேகம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் சந்தேகம்தான் ஜெயிக்கும். முடியும்வரை பின்னால் போய்த் திருத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாத்திரத்தின் பெயரை மாற்றத் தோன்றினால், அந்த இடத்திலிருந்து புதுப் பெயரில் எழுதிக்கொண்டு போங்கள், பழைய பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு காட்சி வரவில்லை என்றால் ‘இங்கே மருத்துவமனையில் அக்காவும் தம்பியும் சண்டை’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டுங்கள்.

இரண்டாவது, பாத்திரத்துக்கு எதுவும் வேண்டியிருக்காது. நினைத்துப் பார்க்கிறார், வருத்தப்படுகிறார், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். இரண்டு பக்கத்துக்கு மேல் அது ஓடாது. அவருக்கு இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்று வேண்டும். சின்ன விஷயமாக இருக்கலாம், ஒரு கையெழுத்து, ஒரு மன்னிப்பு, காலியாக ஒரு அறை. அது கிடைக்காமல் தடுக்க ஒருவர் இருந்தால் கதை நகரும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. நின்ற இடத்தில் கோளாறு இருக்காது, இரண்டு பக்கம் முன்னால் இருக்கும். அங்கே உங்கள் வசதிக்காகப் பாத்திரத்தை ஏதோ செய்ய வைத்திருப்பீர்கள். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பது உள்ளுக்குள் தெரிவதால் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மட்டும் மாற்றி எழுதுங்கள். முன்னால் சொன்ன ‘பின்னால் போய்த் திருத்தக் கூடாது’ என்பதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

‘சொல்லாதே, காட்டு’ன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா என்ன?

ஒரு வரைவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘அப்பாவின் மீது குமரனுக்குத் தீராத கோபம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.’

இதையே இப்படி எழுதலாம்:

‘அப்பா சாவிக்காகக் கையை நீட்டினார். குமரன் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனான்.’

இரண்டாவதில் கோபம் என்ற சொல்லே இல்லை. நீட்டிய கை அப்படியே நிற்கிறது, அதை வாசகர் பார்க்கிறார். கோபம் என்று அவரே முடிவு செய்கிறார், அவரே முடிவு செய்ததால் நம்புகிறார். இதுதான் விஷயம். ‘கண்கள் சிவந்தன, உதடுகள் துடித்தன, கைகள் நடுங்கின’ என்று உடம்பு உறுப்புகளை வரிசையாக எழுதுவதைக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது யாருக்கும் பொருந்தும். சாவியை மேசைமேல் வைப்பது குமரனுக்கு மட்டுமே உரியது.

ஆனால் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தால் கதை நகராது. ‘அதற்குப் பிறகு மூன்று வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதுதான் சில இடங்களில் சரி. ஏதாவது மாறுகிற தருணத்தைக் காட்டுங்கள், மாற்றங்களுக்கு இடையிலுள்ள காலத்தைச் சொல்லிவிடுங்கள்.

‘நான்’னு எழுதறதா, ‘அவன்’னு எழுதறதா?

இந்தக் கதையில் யாருக்கு இழப்பு அதிகம் என்று கேளுங்கள், பெரும்பாலும் அவர் பக்கத்தில் நின்று சொல்வதே பலன் தரும். ‘நான்’ என்று எழுதினால் நெருக்கம் கிடைக்கும். ஆனால் அந்த ஆளுக்குத் தெரியாததை நீங்கள் எழுத முடியாது, அவர் பேசாத மொழியிலும் எழுத முடியாது. பத்து வயதுப் பையன் ‘நான்’ என்று சொல்லும் கதையில் ‘அவள் மௌனத்தின் ஆழத்தில் ஒரு துயரம் உறைந்திருந்தது’ என்று வந்தால் பின்னால் எழுத்தாளர் நிற்பது தெரிந்துவிடும்.

‘அவன்’ என்று எழுதும்போது வரும் தவறு வேறு. கமலாவின் மனதில் இருந்துகொண்டே காட்சி ஓடும், நடுவில் ஒரு வாக்கியம் ‘அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று ரவிக்குத் தெரியவில்லை’ என்று ரவியின் மனதுக்குள் எட்டிப்பார்க்கும், மறுபடி கமலாவுக்கே வரும். எல்லார் மனதையும் அறிந்த கதைசொல்லியை வைத்து எழுதுவது ஒரு முறை, அதற்கு முதல் பத்தியிலிருந்தே அந்தக் குரல் வேண்டும். இது அப்படியில்லை, கவனப்பிசகு. ஒரு காட்சிக்கு ஒரு மனம் என்று பழகிக்கொண்டு, பிறகு வேண்டுமானால் மீறலாம். சந்தேகமாக இருந்தால் ஒரே பக்கத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள், எது கதைக்கு ஒத்துவருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

உரையாடலைப் பேச்சு வழக்கில எழுதணுமா? வட்டார வழக்கு எவ்வளவு போடலாம்?

இன்றைய கதையில் ‘நான் நாளை வருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா?’ என்று ஒருவர் வீட்டில் பேசினால் அவர் மேடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ‘நாளைக்கு வர்றேன்னு சொன்னேன்ல’ என்பதுதான் காதில் விழுவது. எழுத்துத் தமிழில் கதை சொல்லி, பேச்சுத் தமிழில் உரையாடல் வைப்பது பரவலான முறை. கதைசொல்லியும் பேச்சு மொழியிலேயே சொல்லலாம், கி. ராஜநாராயணன் கரிசல் மக்கள் சொல்லும் தோரணையிலேயே கதை சொன்னவர், அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர். அந்த அளவுக்குக் காதில் ஊறிய வழக்காக இருக்க வேண்டும். கேட்டறியாத வட்டாரத்தின் பேச்சை நாலு சொல்லைத் தூவி எழுதினால் அந்த ஊர்க்காரர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வாய்க்கு வாய் பேசுவதை அப்படியே பதிவு செய்வதும் உரையாடல் ஆகாது. நிஜப் பேச்சில் ‘அப்புறம்’, ‘சரி சரி’, ‘வேற என்ன’ என்று பாதி போகும். கதையில் அவை ஒரு வேலைக்காகத்தான் வர வேண்டும். கேட்ட கேள்விக்கு நேர் பதில் வராத இடங்களில் உரையாடல் உயிரோடு இருக்கும். ‘பணம் அனுப்பினியா?’ என்பதற்கு ‘அனுப்பிட்டேன்’ என்றால் தகவல். ‘அம்மா தூங்கியாச்சா?’ என்று வந்தால் கதை.

எழுதி முடிச்சாச்சு. எப்படித் திருத்தறது? எப்போ நிறுத்தறது?

முதலில் தள்ளி வையுங்கள். என்ன எழுதியிருக்கிறோம் என்று வரிக்கு வரி ஞாபகம் இருக்கும்வரை உங்களால் படிக்க முடியாது, ஞாபகத்தைத்தான் படிப்பீர்கள். சிறுகதைக்குச் சில வாரம், நாவலுக்கு ஒன்றிரண்டு மாதம் நல்ல இடைவெளி. அதற்குள் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.

திரும்ப எடுக்கும்போது முழுதையும் ஒரே மூச்சில் படியுங்கள், பேனாவைத் தொடாமல். எங்கே உங்களுக்கே அலுப்புத் தட்டியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். திருத்துவது பெரியதிலிருந்து சிறியதற்குப் போக வேண்டும்: கதையின் வரிசை, பிறகு காட்சிகள், பிறகு வாக்கியங்கள், கடைசியில் ஒற்றும் எழுத்துப்பிழையும். பலர் தலைகீழாக ஆரம்பித்து, நீக்கப்போகிற பத்தியில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் பத்தியை எடுத்துவிட்டால் கதை கெடுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கெடாது; கதை இரண்டாவது மூன்றாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். கடைசிப் பத்தியும் அப்படித்தான். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதிய விளக்கமாக அது இருக்கும்.

அப்புறம் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம், ஒரே ஓசையில் முடியும் ஐந்து வாக்கியங்கள், யாரும் பேசாத வசனம் எல்லாம் வாயில் தட்டும். ஒவ்வொருவருக்கும் கைவழக்கமாக வந்துவிழும் சொற்கள் உண்டு: ‘திடீரென்று’, ‘ஏதோ ஒரு’, ‘பெருமூச்சு விட்டாள்’. உங்களுடையவை எவை என்று தெரிந்துகொண்டு கணினியில் தேடி ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். ஹெமிங்வே ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாக, மேலே சொன்ன அதே பேட்டியில் சொல்கிறார். நீங்கள் செய்கிற மாற்றங்கள் கதையை மேம்படுத்தாமல் வேறு மாதிரியாக மட்டும் ஆக்கிக்கொண்டிருந்தால், காற்புள்ளியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தால், நிறுத்திவிடலாம்.

ஒருத்தர் பிரமாதம்ங்கறார், இன்னொருத்தர் புரியலைங்கறார். யாரை நம்பறது?

எங்கே தடுக்கியது என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள். எப்படிச் சரிசெய்வது என்று சொன்னால் யோசித்து முடிவெடுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது, அவர்கள் சொல்லும் காரணங்கள் வேறாக இருந்தாலும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், அன்புள்ளவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ‘எந்த இடத்தில் வேகமாகத் தாண்டினீர்கள்? முடிவில் அவள் ஏன் போனாள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். முதல் வரைவு முடியும்முன் யாரிடமும் காட்ட வேண்டாம், அந்தத் துணிச்சல் அப்போது உங்களுக்கு வேண்டும்.

சிறுகதை, குறுநாவல், நாவலுக்கு இவ்வளவு சொல்னு கணக்கு உண்டா?

எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இல்லை. அறிவியல் புனைகதைகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் நெபுலா விருதுக்கு வைத்திருக்கும் எல்லை பலருக்கும் அளவுகோலாக இருக்கிறது: 7,500 சொற்களுக்குள் சிறுகதை, 17,500 முதல் 40,000க்குள் குறுநாவல், அதற்கு மேல் நாவல், சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் நடுவில் நெடுஞ்சிறுகதை. இது ஆங்கிலக் கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் முடியும். அனுப்பப்போகும் இதழோ பரிசோ சொல்லும் எல்லையை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்.

சொந்தக்காரங்களை வெச்சு எழுதலாமா? கண்டுபிடிச்சுடுவாங்களே?

பெயரை மட்டும் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழில், வயது, உடல்வாகு, குடும்ப அமைப்பு என்று மாற்றிக்கொண்டே போங்கள். மாற்ற மாற்ற அந்த ஆள் உங்கள் அத்தையாக இருப்பது நின்று ஒரு பாத்திரமாகிவிடுவார்; கதைக்கும் அதுதான் நல்லது. ‘ஆனா நிஜமாவே இப்படித்தான் நடந்தது’ என்பது கதையில் ஒரு வாதமே இல்லை. நடந்தது நம்பும்படி இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும்.

ஒருவர் உங்களை நம்பி ரகசியமாகச் சொன்னதை அப்படியே எடுத்து எழுதுவது வேறு விஷயம். அவர் படித்தால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்களிடம் இருக்கும் ஒரே கதை அதுவாக இருக்க முடியாது.

என் கதைக்கருவை யாராவது திருடிட்டா?

பதிப்புரிமை கருவுக்குக் கிடையாது, நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான். படைப்பாளிகளின் உரிமைக்காக 1886இல் தொடங்கிய பெர்ன் என்னும் சர்வதேச உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு. தேதியோடு வரைவுகளைச் சேமித்து வையுங்கள், அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். மற்றபடி, ஒரே கருவைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துக் கதை வரும். பயந்து யாரிடமும் காட்டாமல் இருப்பதில்தான் நஷ்டம் அதிகம்.

செயற்கை நுண்ணறிவை வெச்சு எழுதிக்கலாமா?

எழுத்துப்பிழை பார்க்க, ஒரு தகவலைத் தேடத் தொடங்க உதவும். தகவலை வேறிடத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும். வரைவையே அதனிடம் கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதியில் நிற்பது, எந்தச் சொல் என்று தடுமாறுவது, பாத்திரம் அப்படிச் செய்யமாட்டாள் என்று உணர்வது எல்லாம்தான் கற்றுக்கொள்ளும் இடங்கள். அவற்றைத் தாண்டிவிட்டால் கையில் ஒரு கதை இருக்கும், அடுத்த கதையை எழுதுகிற திறன் வந்திருக்காது. அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட் 2023 பிப்ரவரியில் இப்படி வந்து குவிந்த கதைகளால் படைப்புகள் வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தியது. அனுப்பும் முன் அந்தந்த இதழின் விதியைப் படியுங்கள், பயன்படுத்தியிருந்தால் மறைக்காதீர்கள்.

கதை திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம் எழுதறதையே விட்டு வருஷக்கணக்காச்சு. இந்த வயசில திரும்ப ஆரம்பிக்கலாமா?

கதை திரும்பி வருவதற்கு அந்த மாதம் அதே மாதிரிக் கதை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். காரணம் சொல்லாமல் திருப்பினால் ஊகிக்க முயலாதீர்கள். ஒருமுறை படித்துப் பார்த்து, திருத்தத் தோன்றினால் திருத்தி வேறிடத்துக்கு அனுப்புங்கள். வயதைப் பற்றிக் கேட்டால், முன்னால் சொன்ன கி. ராஜநாராயணன் முப்பது வயதைத் தாண்டிய பிறகு எழுத வந்து, தொண்ணூறு வயதுக்கு மேலும் எழுதியவர். ஓடத் தெம்பு இருந்தால்தான் நடக்கும் என்கிற வேலை இல்லை இது.

திரும்ப ஆரம்பிக்கும்போது பாதியில் விட்ட பெரிய நாவலை எடுக்காதீர்கள். இரண்டு பக்கத்தில் முடிகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேர், ஓர் அறை, ஒருவர் கேட்க நினைத்ததைக் கேட்காமல் போகிறார். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், சுமாராக இருந்தாலும். தள்ளி வைத்துவிட்டு இன்னொரு இரண்டு பக்கம். மூன்றாவதை முடித்ததும் முதலாவதை எடுத்துத் திருத்துங்கள், மேலே சொன்ன வரிசையில். பழைய நாவலை அதற்குப் பிறகு எடுத்துப் படியுங்கள். அது எங்கே நின்றது என்று இப்போது தெரிய வாய்ப்பு அதிகம்.